புதுக் காரின் மேற்பூச்சைக் காத்தல்: கழுவுவதிலிருந்து செராமிக் கோட்டிங் வரை

சேலத்தில் புதிதாகக் கார் வாங்குகிறவர் ஷோரூமில் கையெழுத்திடும் தாள்களுக்கு நடுவே, ‘பெயின்ட் பாதுகாப்பு’ என்று தலைப்பிட்ட தாள் ஒன்றும் பெரும்பாலும் இருக்கும். டெஃப்லான், செராமிக், கிராஃபீன் என்று ஏதோ ஒரு பெயரைச் சொல்லிச் சில ஆயிரங்களைக் கூடுதலாகக் கேட்பார்கள். சாவி கைக்கு வரப்போகும் மகிழ்ச்சியில் இருப்பவருக்கு அதைப் பற்றி யோசிக்க நேரம் இருப்பதில்லை. அந்தத் தொகையும் கடன் தவணையோடு சேர்ந்துவிடும். அந்தத் தாளில் கையெழுத்திடுவதற்கு முன்பு தெரிந்திருக்க வேண்டியவற்றையும், வேலையை வீட்டிலேயே செய்ய விரும்புகிறவர் கடைப்பிடிக்க வேண்டிய முறையையும் இங்கே வரிசையாகச் சொல்கிறேன். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. செராமிக் கோட்டிங் நல்ல பொருள்தான். ஆனால் அந்தச் சின்னக் குப்பியைத் திறப்பதற்கு முன் செய்யும் வேலையும், பின்னர் வாராவாரம் கார் கழுவப்படும் விதமுமே பளபளப்பில் பெரும்பங்கைத் தீர்மானிக்கின்றன.

எதைக் காக்கிறோம்?

காரின் தகட்டின்மேல் முதலில் துருவைத் தடுக்க மின்முறையில் ஏற்றப்படும் பூச்சு, அதன்மேல் பிரைமர், அதன்மேல் நிறத்தைத் தரும் பேஸ் கோட், எல்லாவற்றுக்கும் மேலே நிறமற்ற கிளியர் கோட் என நான்கு அடுக்குகள் இருக்கின்றன. நான்கும் சேர்ந்தே பெரும்பாலான கார்களில் சுமார் 100 முதல் 140 மைக்ரான் வரைதான் வரும். மனிதத் தலைமுடி ஒன்றின் தடிமன் ஏறக்குறைய 70 மைக்ரான். ஆகவே இரண்டு முடிகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்த கனம்தான் மொத்தப் பூச்சும். அதில் கிளியர் கோட்டின் பங்கு ஏறக்குறைய 35 முதல் 50 மைக்ரான். வெயிலின் புற ஊதாக் கதிரைத் தாங்குவதும், மினுமினுப்பைத் தருவதும் இந்த மெல்லிய அடுக்குதான்.

பாலிஷ் போட்டால் கீறல் ‘நிரம்பிவிடும்’ என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் கீறலைச் சுற்றியுள்ள கிளியர் கோட்டைத் தேய்த்து, கீறலின் அடிமட்டம் வரை இறக்கிச் சமன்செய்வதே பாலிஷ். மென்மையான பாலிஷ் ஒரு மைக்ரான் அளவோ அதற்கும் குறைவாகவோ எடுக்கும். மெஷினில் மாட்டும் கம்பளி மெத்தையான பேடோடு, காம்பவுண்ட் எனப்படும் கரடான தேய்ப்புப் பசையைச் சேர்த்து அழுத்தினால் ஒரே அமர்வில் பல மைக்ரான் போய்விடும். இது வட்டி ஏறாத வங்கிக் கணக்கு போன்றது. எடுக்கலாம், திரும்பப் போட முடியாது. புதுக் காருக்கு முடிந்தவரை குறைவாகத் தேய்க்க வேண்டும் என்பதற்குக் காரணம் இதுதான்.

செராமிக் கோட்டிங் என்பது சிலிக்காவை அடிப்படையாகக் கொண்ட திரவம். துடைத்து ஏற்றிய பிறகு காற்றிலுள்ள ஈரத்தோடு வினைபுரிந்து, கண்ணாடி போன்ற படலமாக இறுகும். அதன் தடிமன் ஒரு மைக்ரானை ஒட்டியே இருக்கும். விளம்பரங்களில் வரும் ‘9எச்’ என்பது பென்சில் முனையால் கீறிப் பார்க்கும் சோதனையின் குறியீடு. வைரத்தைப் பத்தாவது இடத்தில் வைக்கும் மோ அளவுகோலின் ஒன்பதோடு அதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. இந்தப் படலத்தால் தண்ணீர் உருண்டோடும், அழுக்கு எளிதில் ஒட்டாது, பறவை எச்சம் உள்ளே அரிப்பதற்குச் சற்றுக் கூடுதல் நேரம் பிடிக்கும். ஆனால் பெங்களூர் நெடுஞ்சாலையில் முன்னால் போகும் லாரியின் சக்கரத்திலிருந்து தெறிக்கும் ஜல்லியை இது தடுக்காது. அதற்குச் சுமார் 150 முதல் 200 மைக்ரான் தடிமனுள்ள பிபிஎஃப் என்னும் ஒட்டுப்படலம்தான் வேண்டும். முழுக் காருக்கும் ஒட்டினால் செலவு லட்சத்தை எட்டக்கூடும் என்பதால், நெடுஞ்சாலையிலேயே வாழ்பவர்கள் முன் பம்பருக்கும் பானெட்டுக்கும் மட்டும் படலம் ஒட்டி, மீதிக்குக் கோட்டிங் போடுவது சிக்கனமான வழி.

டெலிவரி நாளில்

ஷோரூமில் முன்கூட்டியே, முடிந்தால் எழுத்திலேயே சொல்லிவிட வேண்டியது ஒன்று உண்டு: காரைத் துடைக்கவும் வேண்டாம், பாலிஷ் போடவும் வேண்டாம், தூசியோடேயே கொடுங்கள். இது கேட்பவருக்கு விசித்திரமாகத் தோன்றும். ஆனால் வாரக்கணக்கில் யார்டில் நின்ற காரின் தூசியைக் காய்ந்த துணியால் அவசரமாகத் துடைக்கும்போதுதான் புதுக் காரின் முதல் கீறல்கள் விழுகின்றன. என் காரை மாலை விளக்கொளியில் வாங்கினேன். கண்ணாடி போல இருந்தது. மறுநாள் காலை கோரிமேட்டுப் பக்கம் நிறுத்தியபோது, சாய்வெயிலில் பானெட் முழுக்கச் சிலந்தி வலை பின்னியது போல வட்டவட்டக் கீறல்கள் தெரிந்தன. ஆகவே பகல் வெளிச்சத்தில் வாங்குங்கள். செல்பேசி விளக்கைச் சாய்வாகப் பிடித்துக் கதவு, பானெட், டிக்கி ஆகியவற்றைப் பாருங்கள்.

அடுத்தது பூஜை. ராஜகணபதி கோயில் வாசலுக்குக் கொண்டுபோகாமல் புதுக் கார் வீட்டுக்கு வருவது நம் ஊரில் அரிது. அதை விடச் சொல்லவில்லை. மரபு முறையில் செய்த குங்குமத்தில் மஞ்சளும் சுண்ணாம்பும் உண்டு. ஈரச் சந்தனத்தோடு அதைப் பானெட்டில் அப்பி, நாள் முழுக்க வெயிலில் காயவிட்டால், வெள்ளைக் காரில் கறை தங்கும். காய்ந்ததைச் சுரண்டி எடுக்கும்போது கீறலும் விழும். மாலையின் ஜரிகை நூலும் உள்ளிருக்கும் கம்பியும் காற்றில் ஆடி ஆடிப் பானெட்டின் முனையைத் தேய்க்கும். “சந்தனம் குங்குமம் வைக்காம அது என்னப்பா பூஜை?” என்று அம்மா கேட்டபோது, பொட்டு மூன்றையும் முன்கண்ணாடியில் வைக்கச் சொன்னேன், மாலையை ஊர் எல்லை தாண்டுவதற்குள் கழற்றிவிட்டேன். கண்ணாடிக்கு ஒன்றும் ஆகாது, அம்மாவுக்கும் மனக்குறை இல்லை.

இடமும் காலமும்

கோட்டிங் போடுவதற்கு 15 முதல் 25 டிகிரி வரையிலான வெப்பநிலை, நேரடி வெயில் படாத கூரை, தூசி பறக்காத தரை ஆகியவை வேண்டும். சித்திரை, வைகாசியில் சேலத்தின் பகல் 40 டிகிரியை நெருங்கும். நிழலில் நிற்கும் தகடே கையைச் சுடும். அப்போது திரவம் துடைப்பதற்கு முன்பே இறுகிவிடும். நான் முதன்முதலில் போட்டது ஒரு சித்திரை மாதத்து முற்பகலில், வீட்டுப் போர்டிகோவில். டிக்கியின்மேல் எண்ணெய் சிந்தியது போன்ற வானவில் திட்டுகள் நின்றுவிட்டன. அவற்றை எடுக்க மறுபடி பாலிஷ் போட வேண்டியதாயிற்று. இழந்தது அரைக் குப்பித் திரவமும் கொஞ்சம் கிளியர் கோட்டும்.

அதற்கு எதிர்ப்பக்கத்தில், ‘ஏற்காட்டில் குளிர்ச்சியாக இருக்கிறதே, எஸ்டேட் ஷெட்டில் வைத்துப் போட்டால் என்ன?’ என்று கேட்பவர்களும் உண்டு. சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் வெப்பநிலை வசதியாகத்தான் இருக்கும். ஆனால் பனிமூட்டம் இறங்கும் நேரத்தில் காற்றின் ஈரம் மிக அதிகம். திரவம் சீராக இறுகாமல் மங்கலாகிவிடும். சேலத்துக்காரர்களுக்கு மார்கழி, தை மாதங்களின் காலைப் பொழுது, பனி விலகிய பிறகு, மிகப் பொருத்தமானது. கோடையில் வேறு வழியில்லை என்றால் விடியற்காலையில் தொடங்கி, வெயில் ஏறுவதற்குள் முடித்துவிடுங்கள்.

தொழிற்சாலையில் அடித்த பூச்சு ஏறக்குறைய 140 டிகிரி சூட்டில் சுடப்பட்டு வருவதால் புதுக் காருக்குக் காத்திருக்கத் தேவையில்லை. டிங்கரிங் முடித்து மறுபடி பெயின்ட் அடித்த கதவாக இருந்தால், உள்ளிருக்கும் கரைப்பான் முழுக்க வெளியேற ஒரு மாதமாவது விட்டுவிட்டுத்தான் கோட்டிங் போட வேண்டும்.

கழுவுதல்

இரண்டு பக்கெட்டுகள் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் கார் ஷாம்பு கலந்த தண்ணீர், மற்றொன்றில் வெறும் தண்ணீர். முதலில் தண்ணீரைப் பீய்ச்சித் தளர்ந்த மண்ணை எல்லாம் இறக்கிவிட வேண்டும். கையால் தொடுவது அதற்குப் பிறகுதான். மைக்ரோஃபைபர் கையுறையை ஷாம்பு நீரில் நனைத்து, கூரையிலிருந்து கீழ்நோக்கி, நேர்க்கோட்டில் இழுத்துக் கழுவுங்கள். ஒவ்வொரு பாகம் முடிந்ததும் கையுறையை வெறும் தண்ணீர்ப் பக்கெட்டில் அலசிவிட்டுத்தான் மீண்டும் ஷாம்புவுக்குப் போக வேண்டும். சக்கரத்துக்கும் கதவின் அடிப்பகுதிக்கும் வேறு துணி. பாத்திரம் தேய்க்கும் சோப்பைத் தொடாதீர்கள்.

தண்ணீரைப் பற்றி நம் ஊரில் தனியாகச் சொல்ல வேண்டும். சேலத்தின் பல பகுதிகளில் போர்வெல் தண்ணீர் உப்பும் கடினத்தன்மையும் மிகுந்தது. குளியலறைக் குழாயில் படியும் வெள்ளைப் படிவே அதற்குச் சாட்சி. அதே கால்சியம், மெக்னீசிய உப்புகள் காரின்மேல் காய்ந்தால் வட்டவட்டமாகத் தடம் விழும். வெயில் பட்டால் அந்தத் தடம் கிளியர் கோட்டுக்குள் இறங்கும். முதல் கழுவலுக்குப் போர்வெல் தண்ணீர் போதும். கடைசி அலசலுக்கு மட்டும் மேட்டூரிலிருந்து வரும் காவிரித் தண்ணீரை இரண்டு குடம் எடுத்து வையுங்கள். எந்தத் தண்ணீரானாலும் தானாகக் காயவிடாமல், கனமான மைக்ரோஃபைபர் துண்டை விரித்துப் போட்டு, அழுத்தாமல் இழுத்து ஈரத்தை எடுத்துவிட வேண்டும்.

ஒட்டியதை நீக்குதல்

கழுவிய காரின்மேல் மெல்லிய பாலித்தீன் பைக்குள் விரலை விட்டுத் தடவிப் பாருங்கள். வழவழப்பாகத் தோன்றிய பானெட், உப்புத்தாள் போல நறநறக்கும். அதில் ஒரு பங்கு இரும்புத் துகள். பிரேக் தேய்வதிலிருந்தும், ரயில் தடத்தின் ஓரத்திலிருந்தும், கிரில் பட்டறையில் கிரைண்டர் ஓடும்போது பறக்கும் பொறியிலிருந்தும் வந்து, சூட்டோடு பூச்சில் பதிந்து, மழையில் துருப்பிடித்துச் செம்புள்ளியாகும். பட்டறையை அடுத்து வெள்ளைக் கார் நிறுத்துகிறவர்களுக்கு இந்தச் செம்புள்ளிகள் நன்றாகத் தெரியும். அயர்ன் ரிமூவர் என்று விற்கும் திரவத்தைத் தெளித்தால் இரும்பு இருக்கும் இடமெல்லாம் ஊதா நிறமாகக் கசியும். அது காய்வதற்குள் கழுவிவிட வேண்டும். கையுறை அணியுங்கள், நாற்றம் பொறுக்க முடியாது. தார்ப் புள்ளிகளுக்கு அதற்கான திரவம் தனியே உண்டு.

மிஞ்சியதற்குக் கிளே பார் எனப்படும் களிமண் போன்ற கட்டி. வழுக்குத் திரவத்தைத் தெளித்து, கட்டியைத் தட்டையாக்கி, ஏறக்குறைய பாரமே கொடுக்காமல் முன்னும் பின்னும் நகர்த்துங்கள். நறநறப்பு அடங்கியதும் நிறுத்திவிடலாம். அடிக்கடி மடித்துப் புதுப் பக்கத்தைத் திருப்ப வேண்டும். கை தவறித் தரையில் விழுந்த கட்டியைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். காசு போகிறதே என்று கழுவிப் பயன்படுத்தினால் அதில் புதைந்த மணலே காரைக் கீறும்.

பாலிஷ்

சாய்வான விளக்கொளியில் கீறலே தெரியவில்லை என்றால் இந்தப் படியை விட்டுவிடலாம். எடுக்க வேண்டியதை மட்டும் எடுக்க வேண்டும்; ‘கோட்டிங் என்றால் முதலில் காம்பவுண்ட் அடித்தே ஆக வேண்டும்’ என்று புதுக் காருக்கும் சொல்கிற இடத்திலிருந்து காரைத் திருப்பிக்கொண்டு வந்துவிடுங்கள். மேட் பெயின்ட் அடித்த காருக்குப் பாலிஷே கூடாது. ஒருமுறை தேய்த்தால் அந்த இடம் மட்டும் பளபளத்து, திரும்பச் சரிசெய்ய முடியாமல் போகும்.

புதியவர்கள் டூயல் ஆக்‌ஷன் பாலிஷரையே பயன்படுத்த வேண்டும். அதன் பேட் சுழன்றுகொண்டே ஊசலாடவும் செய்வதால் ஓர் இடத்தில் சூடு சேராது. பெயின்ட் கடைகளில் கிடைக்கும் ரோட்டரி மெஷின் ஒரே அச்சில் சுழல்வது. பழகாத கையில் அது பானெட்டின் விளிம்பை நொடிகளில் எரித்துவிடும். விளிம்புகளிலும், தகட்டில் மடிப்பாக ஓடும் கோடுகளிலும் பூச்சு மெல்லியதாகவே இருக்கும் என்பதால், அவற்றின்மேலும் ரப்பர், கருப்பு பிளாஸ்டிக் ஆகியவற்றின்மேலும் மாஸ்கிங் டேப் ஒட்டிவிடுங்கள்.

பிறகு ஒரே ஓர் இடத்தில், சுமார் ஓரடிச் சதுரத்தில் சோதனை செய்யுங்கள். மென்மையான ஃபோம் பேடில் நான்கு பயறளவு ஃபினிஷிங் பாலிஷ் இட்டு, மெஷினை அணைத்த நிலையிலேயே பரப்பி, நடுத்தர வேகத்தில், மெஷினின் எடைக்குச் சற்று மேல் மட்டும் அழுத்தம் கொடுத்து, நேராகவும் குறுக்காகவும் நான்கைந்து முறை ஓட்டுங்கள். கையின் வேகம் நொடிக்கு ஓரங்குலத்தைத் தாண்டக் கூடாது. துடைத்துப் பாருங்கள். கீறல் போய்விட்டால் அதே சேர்க்கையே முழுக் காருக்கும் போதும். போகாவிட்டால் மட்டும் ஒரு படி கடினமான பேடுக்கு மாறுங்கள். நகத்தில் தட்டுப்படும் ஆழமான கீறலைத் துரத்த வேண்டாம். அது இருக்கும் இடத்தில் இருக்கட்டும்.

கோட்டிங்

பாலிஷில் உள்ள எண்ணெய் மிஞ்சியிருந்தால் கோட்டிங் பற்றாது. ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் கலந்த பேனல் வைப் திரவத்தை ஒரு துணியில் தெளித்துத் துடைத்து, இன்னொரு காய்ந்த துணியால் மறுபடி துடையுங்கள். இதன் பிறகு வெறும் கையால் காரைத் தொடக் கூடாது. பக்கத்து வீட்டுக்காரர் “எவ்வளவு ஆச்சுண்ணா?” என்று கேட்டபடியே பானெட்டில் கைவைப்பார், அந்த இடத்தை மறுபடி துடைக்க வேண்டியதுதான்.

30 மில்லி குப்பி நடுத்தர அளவுள்ள காருக்குப் பெரும்பாலும் போதும். ஸ்பாஞ்சுக் கட்டையில் சிறு ஸ்வேட் துணியைச் சுற்றி, சில சொட்டுகள் இட்டு, இரண்டடிச் சதுரம் வீதம் நேராகவும் குறுக்காகவும் தடவுங்கள். சில நொடிகளிலோ ஓரிரு நிமிடங்களிலோ ஈரப் படலம் வியர்த்தது போலப் பொடிப்பொடியாகத் திரளும், அல்லது வானவில் நிறம் காட்டும். அதுதான் துடைக்க வேண்டிய தருணம். குட்டை இழை மைக்ரோஃபைபர் துணியால் முதலில் மெல்லத் துடைத்து, இரண்டாவது துணியால் சமன்செய்யுங்கள். பிறகு விளக்கைச் சாய்த்துப் பிடித்து, குனிந்து, பல கோணங்களில் பாருங்கள். விட்டுப்போன திட்டைச் சில நிமிடங்களுக்குள் கண்டால் அதே துணியால் எடுத்துவிடலாம். மறுநாள் கண்டால் பாலிஷ்தான் ஒரே வழி. துணி விறைத்துப்போனால் அதை ஒதுக்கிவிடுங்கள். உள்ளே கண்ணாடி போல இறுகிய இழைகள் காரைக் கீறும், துவைத்தாலும் சரியாகாது.

முதல் 24 மணி நேரம் ஒரு சொட்டுத் தண்ணீர்கூடப் படக் கூடாது. ஏப்ரல், மே மாதங்களில் சேலத்தில் மாலை இடிமழை சொல்லாமல் வரும் என்பதால் கூரை இல்லாத இடத்தில் நிறுத்த வேண்டாம். ஒரு வாரம் வரை ஷாம்பு போட்டுக் கழுவாதீர்கள்.

அதற்குப் பிறகு

கோட்டிங் போட்ட காரை வழக்கமான வாட்டர் சர்வீஸில் விட்டு, முந்தைய லாரியின் சேற்றைத் துடைத்த அதே துணியால் துடைக்கவிட்டால், செலவழித்தது வீண். நின்று பார்க்க முடியாதென்றால், பிரஷரில் தண்ணீர் அடிப்பதோடு நிறுத்தச் சொல்லி, உங்கள் துண்டால் நீங்களே துடைத்துக்கொள்ளுங்கள். காலையில் காய்ந்த தூசியைத் தட்டும் டஸ்டர் பழக்கத்தையும் விட்டுவிட வேண்டும்.

மாமரத்து நிழலைச் சேலத்தில் தவிர்ப்பது கடினம். பூக்கும் பருவத்தில் தத்துப்பூச்சிகள் சுரக்கும் இனிப்புத் திரவம் இலையிலிருந்து சொட்டி, காரின்மேல் பிசின் போல ஒட்டி, கருப்புப் பூஞ்சையும் பிடிக்கும். அன்றன்றே தண்ணீர் ஊற்றினால் போய்விடும். பறவை எச்சத்தை ஒருபோதும் உரசக் கூடாது; ஈரத் துணியைப் பத்து நிமிடம் போட்டு ஊறவைத்து, அப்படியே தூக்கியெடுக்க வேண்டும்.

ஏற்காடு போய்வந்தால் வேலை சற்று அதிகம். 20 கொண்டை ஊசி வளைவுகளையும் பிரேக்கை நம்பியே இறங்கி வந்த காரின் ரிம்கள் கரிய தூளால் மூடியிருக்கும். அடிவாரத்துக்கு வந்ததும் அந்தச் சூட்டிலேயே தண்ணீர் அடித்தால் பிரேக் டிஸ்க் கோணக்கூடும்; ஆறவிட்டு, மாலையில் கழுவுங்கள். முன் பம்பரில் அப்பிய பூச்சிகளை மறுநாள் வரை விடாதீர்கள். வளைவுகளில் நிறுத்தித் தீனி போடுகிறவர்களால் குரங்குகள் பானெட்டில் ஏறிப் பழகியிருக்கின்றன. அவற்றின் நகத்துக்கு எந்தக் கோட்டிங்கும் பொருட்டில்லை. காட்சிமுனைகளில் தீனிப் பொட்டலத்தோடு காரருகே நிற்காமலிருப்பதே காப்பு.

ஓராண்டு கழித்துத் தண்ணீர் முன்போல முத்து முத்தாகத் திரளவில்லை என்றால், கோட்டிங் போய்விட்டது என்று உடனே மறுபடி பணம் கட்டிவிடாதீர்கள். பெரும்பாலும் அதன்மேல் உப்புப் படிவு மூடியிருக்கும். வெள்ளை வினிகரில் சம அளவு நல்ல தண்ணீர் கலந்து, நிழலில், ஆறிய தகட்டின்மேல் துணியால் ஒற்றி, ஒரு நிமிடத்தில் நன்றாக அலசிவிட்டு, பிறகு ஒரு குவளைத் தண்ணீரைப் பானெட்டில் ஊற்றிப் பாருங்கள். என் காரில் மூன்றாம் ஆண்டிலும் அது உருண்டோடியது.